யூதாஸுக்குப் போட்ட என் மேல்சட்டை

ஆட்டுக்கிடை, ஆற்றின் மேல்பாகம்
1886 ஏப்ரல் 29

என் கொம்பாத்ரே எவரிஸ்தோ லூனா அவர்களுக்கு,

வானமும் பூமியும் நடுவில் மேய்கிற அத்தனை மாடுகளும் சாட்சியாக, யாருமே நம்பப்போகாத ஒரு கதையை உமக்குச் சொல்லுவதாக இதனால் உறுதி கூறுகிறேன். தன்னையே மாட்டின்மேல் கட்டி ஊர்வலம் விட்டு, கயிறு வீசி இழுத்து, வெடி வைத்துக் கொளுத்துவதை மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, அதைப் பற்றிக் கடிதமும் எழுதுகிற மனிதன் உலகத்தில் நான் ஒருவன்தான். லாசர் செத்துப் பிழைத்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் யாருக்காவது கடிதம் எழுதினாரா?

கதையை முறைப்படி ஆரம்பிக்கிறேன். போன மாரியில் லிப்ராதா காய்ச்சலில் கிடந்தபோது கட்டிலுக்கு அந்தப் பக்கம் பெற்ற தகப்பன் நீர், இந்தப் பக்கம் ஞானத்தகப்பன் நான்; அந்த உறவால்தானே நாம் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. தாயில்லாப் பிள்ளை. "ஆண்டவரே, இவ எந்திரிச்சு உக்காந்தா, வாற பெரிய வெள்ளிக்கு உம்ம கோவிலுக்கு வெறுங்காலோட நடந்தே வாரேன்" என்று வேதனைக் கிறிஸ்துவிடம் நான் நேர்ந்துகொண்டதைக் கேட்டவர் நீர் மட்டும். வெளியே சொன்னால் நேர்ச்சை கெட்டுவிடும் என்பதால் இருவரும் வாயைக் கட்டிக்கொண்டோம். அவளும் எழுந்து உட்கார்ந்தாள். முதல் வேலையாக என் மீசையைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆகவே பெரிய வியாழன் பூசை முடிந்ததும் என் மேல்சட்டையையும் பூட்ஸையும் உமது வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு நடந்தேன். ஆமாம், கொம்பாத்ரே, நடந்தேன்! அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போவதற்கே சேணம் தேடுகிற மாட்டுக்காரச் சாதி நாம். என்னைப் பார்த்துக் கருவேல மரங்கள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒவ்வொரு முள்ளும் பேராயரின் கைத்தடி நீளம். கிலுகிலுப்பைப் பாம்புகள் இரண்டு வரிசையாக நின்று வாலை ஆட்டி எனக்கு மேளம் அடித்தன. ஒரு முயல் பரிதாபப்பட்டு, "ஏறும், முதுகுல கொண்டு விடுதேன்" என்றது. நேர்ச்சையை நினைத்து மறுத்துவிட்டேன். முயலுக்கு வருத்தம்தான்.

சனிக்கிழமை கோவில் மணி அடிக்கிற நேரத்தில் நம் பண்ணைக்கு மேலே உள்ள மேட்டுக்குத் திரும்பி வந்தேன். கீழே யூதாஸ் எரிப்பு. எனக்கு ஒரே ஆனந்தம். அந்த வருஷம் எவன் துரோகம் செய்தானோ அவன் சாயலில் வைக்கோல் யூதாஸ் செய்வது நம் இருவரின் ஏகபோக உரிமை அல்லவா? என்னை விட்டுவிட்டு இந்த வருஷம் நீர் யாரைச் செய்திருக்கிறீர் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

மாட்டின்மேல் வால்பக்கம் பார்க்க உட்கார்ந்திருந்தது நான்.

என் மேல்சட்டை. முழங்கையில் லிப்ராதா தைத்த தோல் ஒட்டு. கரியால் என் மீசை, அதுவும் ஒரு பக்கம் தொங்கலாக. வயிறு மட்டும் என் வயிற்றைப்போல இரண்டு மடங்கு. அதற்கு நான் தனியாக வழக்குப் போடுவேன். நம் கூட்டாளி பன்ஃபிலோ கத்தியது மேடு வரை கேட்டது: "பெரிய வெள்ளில குதிரை ஏறின அனக்லேட்டோ! இப்ப ஏறுலே மாட்டு மேல!" கயிறுகள் பறந்தன. என்னைக் கீழே இழுத்துப் போட்டார்கள். திரியில் நெருப்பு வைத்தவர் நீர்.

நான் அப்படியே திரும்பி வந்த வழியே போனேன். இப்போது ஆடு மேய்க்கிறேன். ஆடு, கொம்பாத்ரே! என் அப்பாவின் எலும்புகள் குழிக்குள் திரும்பிப் படுத்திருக்கும்.

கேள்விகள் இரண்டுதான். உமது வீட்டு ஆணியில் இருந்த மேல்சட்டையை எடுத்துக் கொடுத்தது யார்? நான் குதிரை ஏறினேன் என்று ஊரே கத்தும்போது, நான் நடந்துதான் போனேன் என்று தெரிந்த ஒரே மனிதன் ஏன் வாயைத் திறக்கவில்லை?

உமது, எரிந்துபோன,
அனக்லேட்டோ பரேரா


பண்ணை
1886 மே 9

கொம்பாத்ரே அனக்லேட்டோ,

உப்பு வண்டிக்காரர் உமது கடிதத்தைக் கொடுத்தார். உமக்கு எல்லாம் விளையாட்டு. இங்கே நடந்ததைச் சொல்கிறேன். முயல் எல்லாம் இதில் கிடையாது.

நீர் போன பிறகுதான் மேனேஜர் ஹாஸ்கெல் துரை வந்தார். குதிரை வியாபாரி வெள்ளிக்கிழமையே வருகிறான், குதிரைகளை ரயிலடிக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். பெரிய வெள்ளியன்று நாங்கள் சேணத்தைத் தொடுவதில்லை, இரும்பை எடுப்பதில்லை, அன்றைக்கு மண்ணை மிதித்து ஓட்டினால் ஆண்டவர் உடம்பை மிதிப்பதுபோல என்று சொன்னோம். எல்லோரும் பண்ணைக் கோவிலில் கூடி, சனிக்கிழமை மணி அடிக்கும்வரை ஒருவனும் ஏறக்கூடாது என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தோம். துரைக்கு முகம் சிவந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். எனக்கு வயிற்றுவலி, வீட்டில் படுத்திருந்தேன். வெளியே குளம்புச் சத்தம் கேட்டதாம். யாரோ ஒருவன் மணிக்குதிரையை அவிழ்த்து முன்னால் விட்டிருக்கிறான். மணிச்சத்தம் போகிற பக்கம் மற்ற குதிரைகள் தானே போகும், உமக்குத் தெரியாததா? ஓட்டுவதற்கு ஒரே ஆள் போதும். பிறகு பார்த்தால் உமது செவலைக் குதிரை பட்டி வாசலில் நுரை தள்ளி நிற்கிறது. மேலே உமது சேணம். உம்மைக் காணோம்.

பன்ஃபிலோதான் முதலில் சொன்னான்: "குதிரை நுரை தள்ளி நிக்கு, ஆளக் காணலன்னா என்ன அர்த்தம்? மாட்டுக்காரன் நடந்தா போயிருப்பான்?" எல்லோரும் சிரித்தார்கள். துரையும், "உங்க அனக்லேட்டோ ஒருத்தன்தான்பா ஆம்பள. இனிமே பெரிய வெள்ளிக்கு லீவு கெடையாது" என்று சொல்லிவிட்டார். இளவட்டங்களுக்கு வெறி பிடித்துவிட்டது. மேல்சட்டை கேட்டு வந்தார்கள். நான் என்ன செய்ய?

வாய் திறக்கவில்லை என்று குறை சொல்கிறீர். நேர்ச்சையை வெளியே சொன்னால் கெட்டுவிடும் என்றவர் நீர்தான். உமது ரகசியத்தைக் காப்பாற்றினேன். அதற்கு நன்றி சொல்ல வேண்டாமா?

இன்னொன்று. லிப்ராதாவுக்கும் குரோனிமோவுக்கும் வருகிற ஜூன் 24, ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று கல்யாணம். ஞானத்தகப்பன் முன்னால் குதிரையில் போக, பெண்ணைக் கோவிலுக்கு அழைத்துப் போவதுதான் வழக்கம். ஆனால் குரோனிமோ வீட்டார் பக்திமான்கள். பெரிய வெள்ளியை மிதித்தவன் பின்னால் மணப்பெண் போகக்கூடாது என்கிறார்கள். நீர் வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

என்னை மேஸ்திரியாக்கியிருக்கிறார்கள். வேலை அதிகம். இத்துடன் முடிக்கிறேன்.

எவரிஸ்தோ


ஆட்டுக்கிடை
1886 மே 20

கொம்பாத்ரே,

மேஸ்திரிப் பதவிக்கு வாழ்த்துகள்! கேட்டதும் ஆடுகள் எல்லாம் முன்னங்காலை மடக்கி வணங்கின. கிழட்டுக் கடா ஒன்று மட்டும் மறுத்துவிட்டது. அதற்குக் கொள்கை உண்டு.

உமது கடிதத்தைப் படித்து எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது. நான்தான் ஏறியிருப்பேனோ? சரி, ஏறினேன் என்றே வைத்துக்கொள்வோம். ஊர் விரும்புகிறபடி என் பாவத்தைப் பெரிதாகவே சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் வேதனைக் கிறிஸ்துவின் கோவிலில் முழங்கால் போட்டுக்கொண்டும், இங்கே சேணத்தில் உட்கார்ந்துகொண்டும் இருந்தேன். சூரியன் வெட்கப்பட்டு மேகத்துக்குள் போனது. வானத்திலிருந்து இறக்கையோடு இறங்கி வழியில் குறுக்கிட்ட மூன்று சம்மனசுகளை அங்கவடியால் உதைத்துத் தள்ளினேன். ஆறு இரண்டாகப் பிளந்து எனக்கு வழிவிட்டது. நான் ஆற்றுப்பக்கமே போகவில்லை, அது வேறு விஷயம்.

எல்லாம் சரியாகத்தான் வந்தது, கொம்பாத்ரே. ஒரு இடத்தில் மட்டும் கதை நொண்டியது. அந்த இடம் மிளகாய்.

என் செவலைக்கு மிளகாய் என்று பெயர் வைத்தது ஏன் என்று பண்ணையில் கேட்டுப் பாரும். பன்ஃபிலோவை அது எறிந்த எறியில் அவன் கீழே விழுவதற்குள் ஒரு பரலோக மந்திரம் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டான். வரி வசூலிப்பவரை எறிந்தது. ஹாஸ்கெல் துரையைக் கள்ளிப் புதரில் எறிந்தது. அவர் பின்புறத்தில் முள் எடுக்க ரயிலில் ஆட்கள் வந்தார்கள். மின்னல் ஒரு தடவை அதன்மேல் உட்காரப் பார்த்து, வந்த வழியே மேலே போனது.

இந்த உலகத்தில் மிளகாய் முதுகைக் கொடுப்பது இரண்டு பேருக்குத்தான். ஒருவன் நான்.

இதை நான் ஒரு மத்தியானம் கருவேல நிழலில் உட்கார்ந்து, ஆட்டுக்கு உண்ணி எடுத்துக்கொண்டே யோசித்தேன். யோசித்து முடித்தபோது கையில் உண்ணி இருந்தது, ஆடு போய்விட்டிருந்தது. உமது வயிற்றுவலி இப்போது எப்படி இருக்கிறது?

மேட்டிலிருந்து பார்த்த அன்றைக்கு, நீர் பயந்து வாயை மூடிக்கொண்டீர் என்றுதான் நினைத்தேன். பயப்படுகிற மனிதன்மேல் எனக்குக் கோபம் வராது, நானும் பயந்தவன்தான். உம் பிள்ளைக்காக நான் கோவிலை நோக்கி நொண்டிக்கொண்டிருந்த அதே காலையில், என் குதிரையில், என் சேணத்தில் ஏறிப் போயிருக்கிறீர். நான் எங்கே என்று தெரிந்ததால்தான் துணிந்திருக்கிறீர். அந்த நேர்ச்சை உமக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கிறது!

அதன் பிறகு எனக்கு மீசை வரைந்திருக்கிறீர். அந்தக் கரி கையைச் சுடவில்லையா, வே?

பதில் எழுதும். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தொழிலில் நான் மூத்தவன். பிழை திருத்தித் தருகிறேன்.

அனக்லேட்டோ


பண்ணை
1886 ஜூன் 2

கொம்பாத்ரே,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

ஆமாம். நான்தான்.

துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒருத்தனும் ஏறலன்னா சனிக்கிழம எல்லார் பண்டபாத்திரத்தையும் வெளிய எறிஞ்சிருவேன். ஒருத்தன் ஏறுனா மத்தவன் எல்லாம் இருக்கலாம். அந்த ஒருத்தன்தான் மேஸ்திரி" என்றார். கல்யாணத்துக்கு லிப்ராதாவை எந்த வீட்டிலிருந்து அனுப்புவேன்? குரோனிமோ வீட்டார் வீடில்லாதவன் மகளை எடுப்பார்களா? நீர் தனி ஆள். படுக்கையைச் சுருட்டினால் வீடும் கூடவே வந்துவிடும்.

என் குதிரையில் போயிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். உமது குதிரை சும்மா நின்றது. நீர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டீர், பாதி வழியில் எவன் வண்டியிலாவது ஏறியிருப்பீர் என்று நினைத்தேன். உம்முடைய நேர்ச்சை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வேதனைக் கிறிஸ்து கோவில் சாமி பிறகு ஒரு நாள் இங்கே வந்தார். பெரிய வெள்ளியன்று ஒரு ஆள் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலில் வந்ததாகவும், தரையில் ரத்தத் தடம் இருந்ததாகவும் சொன்னார். பெயர் தெரியாது என்றார். நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

பழியை உம்மேல் போடத் திட்டம் போடவில்லை. பன்ஃபிலோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எப்படித் திரும்புவது?

உமக்கு இது புரியும் என்று நினைத்தேன். நீர் எதற்கும் சிரிக்கிறவர். யூதாஸாக நீர் எரிந்தால் நீரே ஒரு கதை கட்டி ஊரைச் சிரிக்க வைப்பீர்; ஒரு வருஷத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நான் எரிந்தால் அவள் அழுவாள். அவளுக்கு நான்தான் இருக்கிறேன். மீசையை அதனால்தான் தொங்கலாக வரைந்தேன். நீர் பார்த்தால் சிரிப்பீர் என்று.

அவள் தினமும் கேட்கிறாள்: "ஞானப்பா எதுக்குப்பா அப்படிச் செஞ்சாரு?" தெரியாது என்கிறேன்.

கெஞ்சிக் கேட்கிறேன். கல்யாணத்துக்கு வர வேண்டாம். வந்தால் ஏதாவது சொல்லிவிடுவீர். அவள் மட்டும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு போகட்டும். இது ஒன்றைச் செய்யும். அதன் பிறகு என்னைக் கொம்பாத்ரே என்று கூப்பிடாவிட்டாலும் போகிறது.

எவரிஸ்தோ


ஆட்டுக்கிடை
1886 ஜூன் 27

மாட்சிமை தங்கிய மேஸ்திரி எவரிஸ்தோ லூனா அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் மகளின் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்ற தங்கள் உத்தரவு கிடைத்தது. கீழ்ப்படிந்த விதத்தை விவரமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

திருநாள் அன்று ஒரு சூறாவளியைப் பிடித்து, வாரு இறுக்கி, அதன்மேல் ஏறி வந்தேன். தாங்கள் பார்த்திருக்க முடியாது. தூசி என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பீர்கள். கழுத்துவரை மண்ணில் புதைத்த சேவலைக் குதிரையில் பறந்து வந்து பிடுங்குகிற பந்தயத்தில், சேவலோடு சேர்த்து அது புதைந்திருந்த வயலையும் பிடுங்கிவிட்டேன். விருந்தில் இரண்டு முழு மாடுகளைத் தின்றேன். மூன்றாவது மாடு தானாக ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டது. வயலின்காரர் கை ஓய்ந்து விழும்வரை ஊரிலுள்ள அத்தனை பெண்களோடும் ஆடினேன். மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி மட்டும், "யாரு இந்தக் களவாணிப்பய, ஆட்டு வாடை அடிக்கி" என்றாள். பக்தியுள்ள குடும்பம், மூக்கும் சுத்தம்.

மணப்பெண்ணுக்கு முன்னால் போனவன் பன்ஃபிலோ என்று கேள்விப்பட்டேன். குதிரையில் நன்றாகத்தான் உட்காருவான், மிளகாயாக இல்லாவிட்டால்.

இவ்வளவும் பொய். முயலும் பொய், பாம்பு மேளமும் பொய். தாங்கள் ஒரு வரியைக்கூட நம்ப வேண்டாம். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நடந்தது.

ஸ்நாபக அருளப்பர் திருநாள் காலையில் எல்லோரும் ஆற்றில் குளிப்பார்கள் அல்லவா? கல்யாணத்தைப் பார்க்க வரவில்லை. குளிக்கத்தான் ஆற்றோரமாகக் கீழே வந்தேன், பண்ணைக்கு இந்தப் பக்கம், நாணல் மறைவில். ஆறு பொது. மற்றப் பெண்கள் துறையில் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே தனியாக நாணலைச் சுற்றி வந்துவிட்டாள். என்னைப் பார்த்து நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"இங்க என்ன செய்யுதீரு ஞானப்பா?"

"ஆடுங்களுக்கு இன்னைக்கு ஞானஸ்நானம். சோப்புப் பிடிக்க ஆள் இல்லன்னு என்னையக் கூப்பிட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்ஸுக்குள்ளேயே பிறந்து பூட்ஸுக்குள்ளேயே சாகிற கால் நமக்கு. குழந்தைக் கால்போல வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். என் கால் இப்போது அப்படி இல்லை. அவள் உட்கார்ந்து, கல்யாண நாளும் அதுவுமாக, என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலில் கறுத்துக் கிடந்த இடத்தைத் தலைமுடி ஊசியால் கிளறி, கருவேல முள்ளின் முனை ஒன்றை எடுத்தாள்.

"மாட்டுக்காரன் காலுல முள்ளு எப்படி வரும்? எங்க நடந்தீரு?"

நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்; அவள் விடவில்லை.

"எனக்குக் காய்ச்சல் கண்டிருந்தப்ப ஒரு சத்தம் கேட்டுது. வெறுங்காலோட நடந்தே வாரேன்னு. கனாவுன்னு நெனச்சேன்." முள்ளை விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீரு நடந்து போனீருன்னா, மிளகாய் மேல ஏறினது யாரு?"

"பேயி."

"மிளகாய் நம்ம ரெண்டு வீட்டாளுங்களத் தவிர யாரையும் ஏத்தாது ஞானப்பா. அந்தப் பேயி எங்க வீட்டுலயா இருக்கு?"

மேஸ்திரி அவர்களே, அந்த இடத்தில் எனக்கு ஒரு பொய் தேவைப்பட்டது. சின்னதாக ஒன்று போதும். பிறந்ததிலிருந்து பொய்யை வண்டி வண்டியாக இறைத்தவன் நான்; தங்களுக்காக ஒன்றே ஒன்று கேட்டேன், வாயில் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்கால் போட்டுத் தலையைக் குனிந்தாள். ஈரத் தலையில் கையை வைத்து ஆசீர்வதித்தேன். மணப்பெண்ணுக்கு முன்னால் கோவிலுக்குப் போகிற பாக்கியம் பன்ஃபிலோவுக்கு, இது எனக்கு.

"அப்பாகிட்ட கேட்டுராத, தாயி" என்றேன். "எல்லாம் உனக்காகத்தான்."

"கேக்க மாட்டேன்" என்றாள். "அவரா சொல்லட்டும்."

எழுந்து துறைப் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறுதோறும் அவள் தங்கள் வீட்டுக்கு வருவாள். காப்பி போட்டுக் கொடுப்பாள், சட்டைக்கு ஒட்டுப் போடுவாள், குரோனிமோவைப் பற்றிக் குறை சொல்லுவாள். எதையும் கேட்க மாட்டாள். தாங்கள் ஒவ்வொரு வாரமும் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து காத்திருப்பாள்.

அவளுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் உண்மை அவ்வளவுதான்.

அனக்லேட்டோ பரேரா
ஆடு மேய்ப்பவன்